அமெரிக்க நாட்டு அறநிதிகள்



ஈதலின் சிறப்பைப் போற்றாத சமயமும் பாடாத புலவரும் இவ்வுலகில் இல்லை. ஆயினும், ஈதல் எப்பொழுது நிறைவெய்துகின்றது என்னும் வினாவை எழுப்பி விடை கண்டோர் சிலரே. பொருள் கொடுப்பார் கையை விட்டு நீங்கிய அக்கணமே அறம் நிறைந்ததாமோ? அன்றி, அப்பொருள் இல்லார் கையைச் சென்று சேர்ந்த பின்னரே நிறைந்ததாமோ? இவ்விரு கணங்களுக்கும் இடையே ஒரு நாள் கழியலாம், ஓராண்டு கழியலாம், ஒரு தலைமுறையே கழிந்து போதலும் கூடும். இவ்விடைவெளியையே தனக்கு இருப்பிடமாகக் கொண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒருவகை நிதி தோன்றியது. 'கொடையாளர் ஆலோசனை நிதி' என்று அதனை யாம் தமிழிற் கூறுவாம். சிறு வித்தாய் விழுந்த அது, இன்று அந்நாட்டு அறநிலையங்கள் பலவற்றின் வரும்படி தன் வழியாகவே வரவேண்டும் என்னும் அளவிற்கு ஆலமரம்போற் பரந்து நிற்கின்றது. பொதுப் பணிக்குப் பொருள் கொடுப்பாரும், அதனைத் தண்டுவாரும் நிறைந்த நம் சங்கத்தார் அதன் வரலாற்றை அறிந்திருத்தல் நலமெனக் கருதி, ஈண்டு அதனைச் சுருங்க உரைக்கத் துணிந்தோம்.

இறந்தார் கை

மேனாட்டுச் சட்ட நூல்களில் 'மார்ட்மெயின்' என்றொரு சொல் உண்டு. 'இறந்தார் கை' என்பது அதன் பொருள். திருச்சபைகளின் கைப்பட்ட நிலம் மீண்டும் பிறர்பாற் செல்லாது நின்றுவிடுதலை அது முதற்கண் குறித்தது. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு 1279-ஆம் ஆண்டில் அதனைத் தடுக்கச் சட்டஞ் செய்தார். பிற்காலத்தே, மாண்டுபோன ஒருவர் தம் மரண சாசனத்தில் விதித்த நிபந்தனையானது, காலம் மாறிய பின்னும் பொருளை இறுகப் பற்றிக்கொண்டு பயன்படவொட்டாது தடுத்தலையும் அச்சொல் குறிக்கலாயிற்று.

இதற்கு அமெரிக்க நாட்டிலேயே தக்க சான்றுகள் உள. 1790-ஆம் ஆண்டு காலஞ்சென்ற பெஞ்சமின் பிராங்க்ளின் என்னும் பேரறிஞர், பாஸ்டன், பிலடெல்பியா ஆகிய இரண்டு நகரங்களுக்கும் தனித்தனியே ஆயிரம் பவுன் எழுதிவைத்தார். பயிற்சி முடித்து மணம் புரிந்துகொண்ட இளந் தொழிலாளர்க்கு நூற்றுக்கு ஐந்து வட்டியில் அப்பொருளைக் கடனாகக் கொடுத்து, இருநூறு ஆண்டு அதனைப் பெருக்கி வருதல் வேண்டுமென்பது அவர் விருப்பம். ஆனால், ஆலைகள் தோன்றின. ஆசிரியனிடம் இருந்து கைத்தொழில் பயிலும் பழைய வழக்கம் தேய்ந்தது. அவர் கூறியவாறு கடன் கேட்டு வருவாரும் அருகினர். அந்நிதியின் தவணை 1990-ஆம் ஆண்டிலேதான் முடிவுற்றது.

மற்றொன்று ஸெயிண்ட் லூயிஸ் நகரத்தது. அந்நகரத் தலைவராயிருந்த பிரையன் மல்லன்பி என்பார் 1851-ஆம் ஆண்டு இறந்தபோது, தம் சொத்தில் மூன்றிலொரு பங்கை, மேற்றிசைக்குக் குடியேறும் பொருட்டு அந்நகர் வழியே செல்லும் ஏழை வழிப்போக்கர்க்கு உதவுமாறு எழுதிவைத்தார். அக்காலத்தில் அது தலைசிறந்த அறமே. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் மக்கள் திரள் திரளாகச் சென்ற காலம் அது. பின்னர் இருப்புப்பாதை வந்தது. வழிப்போக்கர் கூட்டம் குறைந்தது. பொருள் வளர்ந்துகொண்டே சென்றது; பெறுவார்தாம் இலர். அந்நகரிலேயே வேறு வகையில் வாடும் ஏழையர் பலர் இருந்தும், சாசனத்தின் சொல் அவர்க்குக் கதவடைத்து நின்றது.

கோப் என்பாரின் உபாயம்

இவ்விடரைக் கண்டு மாற்று வழி தேடியவர், ஓஹையோ மாகாணத்துக் கிளீவ்லாந்து நகரில் வாழ்ந்த ப்ரெடெரிக் கோப் என்னும் பெருமகனார். வழக்கறிஞராயிருந்த இவர், 1908-ஆம் ஆண்டில் கிளீவ்லாந்து டிரஸ்ட் கம்பெனி என்னும் பாங்கிக்குத் தலைவரானார். பிறர் எழுதிவைத்த தரும சாசனங்களைக் காத்து நடத்துதல் அப்பாங்கியின் தொழில்களுள் ஒன்று. ஆதலின், பயனிழந்த நிபந்தனைகளால் அறப்பொருள் வீணே கிடத்தலை அவர் நாடோறும் கண்ணெதிரே கண்டார்.

1914-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 2-ஆம் நாள் அவர் முயற்சியாற் கிளீவ்லாந்து அறநிலையம் நிறுவப்பெற்றது. ஊரார் பலர் கொடுக்கும் பொருளையெல்லாம் ஒரு பொது நிதியாகத் திரட்டிப் பாங்கி காத்து வரும்; அதன் வருவாயை எதற்குச் செலவிடுவது என்பதைப் பாங்கியும், நகரத் தலைவரும், நீதிபதிகளும் தெரிந்தெடுத்த ஐவர் குழு ஆண்டுதோறும் ஆராய்ந்து முடிவு செய்யும்; கொடையாளர் குறித்த நோக்கம் பயனற்றுப்போமாயின், அதனை மாற்றிக்கொள்ளும் உரிமையும் உண்டு. இஃதே அதன் அமைப்பு. எளிதாகத் தோன்றினும் இது பெரியதோர் உபாயம் என்க. அடுத்த ஆண்டிலேயே சிக்காகோ, பாஸ்டன் நகரங்களிலும், 1924-இல் நியூயார்க்கிலும் இத்தகைய ஊர்ப்பொது அறநிலையங்கள் எழுந்தன.

ஆனால், கொடுப்பார் மனம் ஒருபடித்தன்று. 'என் பொருளைக் குழுவினர் கையில் ஒப்புவித்துவிட்டு யான் வாளா இருப்பதோ? உயிரோடிருக்குங்காறும் இன்ன பள்ளிக்குக் கொடுங்கள், இன்ன மருத்துவச்சாலைக்குக் கொடுங்கள் என்று சொல்லும் உரிமையேனும் எனக்கு வேண்டாவோ?' என்று கேட்பார் பலராயினர். அவர்க்காக, ஒவ்வொருவர் பொருளையும் அவரவர் பெயரால் தனிக் கணக்காக வைத்து, அவர் கூறும் ஆலோசனையைக் கேட்டு வழங்கும் முறை தோன்றியது. நியூயார்க் அறநிலையத்தில் 1931-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நிதியே இவ்வகையில் முதலாவதென்று கூறுப. அதன் பின்னர் நெடுங்காலம் இம்முறை பலர் அறியாதவொன்றாய், ஊர்ப்பொது அறநிலையங்களின் ஒரு மூலையிலே அடங்கிக் கிடந்தது.

1969-ஆம் ஆண்டுச் சட்டம்

அதனை மூலையினின்றும் முற்றத்திற்குக் கொணர்ந்தது, வேறொன்றைத் தடுக்க எழுந்த ஒரு சட்டமே. வரலாற்றில் இவ்வாறு நிகழ்தல் பலகாலும் உண்டு.

பெருஞ்செல்வர் தம் பெயரால் தனி அறநிலையம் அமைத்து, அதன் மறைவில் தம் கம்பெனிகளையும் குடும்பத்தையும் பேணிக்கொள்கின்றனர் என்னும் குற்றச்சாட்டு அந்நாட்டில் எழுந்தது. டெக்ஸாஸ் மாகாணத்துக் காங்கிரஸ் உறுப்பினர் ரைட் பாட்மன் என்பவர் 1960-களில் இதனைப் பல ஆண்டு விசாரித்து அறிக்கைகள் வெளியிட்டார். அதன் பயனாக 1969-ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டம் பிறந்தது. தனி அறநிலையங்கள் தம் முதலீட்டு வருவாய்க்கு வரி செலுத்துதல் வேண்டும். நிறுவினோரோடு கொடுக்கல் வாங்கல் செய்தல் கூடாது. ஆண்டுதோறும் ஒரு குறித்த பங்கை அறத்திற்கு வழங்கியே தீர்தல் வேண்டும் என்றெல்லாம் அச்சட்டம் கட்டளையிட்டது. அப்பங்கு பின்னர்ச் சொத்து மதிப்பில் நூற்றுக்கு 5 என்று நிலைபெற்றது.

ஊர்ப்பொது அறநிலையங்களுக்கோ இக்கட்டுப்பாடுகள் இல்லை. அவை பலரிடம் பொருள் பெறும் பொது நிலையங்கள் ஆதலின் சட்டம் அவற்றை நம்பியது. இவ்வேறுபாட்டை நுணுகிக் கண்டவருள் ஒருவர், முன்னர் வருமான வரி இலாகாவில் உயர்பதவி வகித்தவரும் கிளீவ்லாந்து வழக்கறிஞருமாகிய நார்மன் ஷுகர்மன். தனி அறநிலையம் அமைத்துத் துன்புறுவதைவிடப் பொது நிலையம் ஒன்றில் தனிக் கணக்கு வைத்துக்கொண்டு ஆலோசனை கூறுதலே எளிது என்று அவர் காட்டினார். யூத சமூகத்தார் நடத்திய பொது அறக் கூட்டமைப்புகளில் இம்முறை அவரால் விரைந்து பரவிற்று. தம் சமூகத்தின் பொதுப் பணிக்கு ஒன்றுகூடிப் பொருள் திரட்டிய ஒரு கூட்டத்தாரிடமே இவ்வித்து முதலில் நன்கு முளைத்தது என்பது நம் சங்கத்தார் நினைவிற் கொள்ளற்பாலது.

வாணிகர் வருகை

1991-ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் பெருந்திருப்பம். பாஸ்டன் நகரத்து முதலீட்டுக் கம்பெனியாகிய பிடெலிடியார், தம்மோடு தொடர்புற்ற அறக்கொடை நிதி ஒன்றை வரி இலாகாவின் இசைவு பெற்று நிறுவினர். 1997-இல் வான்கார்டு கம்பெனியாரும், 1999-இல் ஷ்வாப் கம்பெனியாரும் அவ்வழியே சென்றனர். சட்டப்படி இவை கம்பெனியின் வேறாகிய அறநிலையங்களே. ஆயினும் பெயரும், பணத்தை முதலீடு செய்யும் தொழிலும் பெரும்பாலும் கம்பெனிக்கே உரியன. ஊர் என்னும் எல்லை அன்றே போயிற்று. கிளீவ்லாந்து மக்கள் கிளீவ்லாந்துக்குக் கொடுத்த நிலை மாறி, எவ்வூராரும் எவ்வூர்க்கும் கொடுக்கலாம் என்றாயிற்று.

இம்முறையால் கொடையாளர் எய்தும் பயன் யாதெனின், ஓர் உதாரணத்தால் விளக்குவாம். ஒருவர் 1,000 டாலருக்கு வாங்கிய பங்குகள் 10,000 டாலர் மதிப்பை எய்தின என்று கொள்வோம். அவற்றை விற்பாராயின், 9,000 டாலர் இலாபத்திற்கு நூற்றுக்கு 15 வீதம் 1,350 டாலர் மைய அரசிற்கு வரியாகச் செல்லும். விற்காது, அப்பங்குகளையே ஆலோசனை நிதியில் இடுவாராயின் அவ்வரி இல்லை. அதன் மேலும், 10,000 டாலரும் கொடையெனக் கொள்ளப்பட்டு, சட்டம் வகுத்த எல்லைக்குள் அவ்வாண்டின் வருமானத்தினின்றும் கழிக்கப்பெறும். அவர் அவ்வாண்டில் ஒரு காசும் ஏழைக்கு வழங்க வேண்டுவதில்லை. பணம் நிதியிலிருந்து, முதலீட்டால் வரியின்றி வளர்ந்துகொண்டிருக்கும். அவர் விரும்பும் நாளில் இன்ன நிலையத்திற்கு இவ்வளவு அனுப்புக என்று கூறுவார்; நிதியார் அனுப்புவர். அவருக்குப் பின் ஆலோசனை கூறும் உரிமையை மக்களுக்கு விட்டுச்செல்லவும் கூடும்.

ஈண்டு ஒன்று குறிக்கற்பாலது. சட்டத்தின் கண் அப்பொருள் கொடையாளர் பொருளன்று, நிதியாரின் பொருளே. அவர் கூறுவது ஆலோசனை, கட்டளையன்று. நடைமுறையிலோ, தகுந்த நிலையத்தைக் குறித்தாராயின் நிதியார் அதனை மறுத்தல் அரிது.

நெடுநாள் சட்டப் புத்தகத்தில் இந்நிதிக்கு இலக்கணமே இல்லாதிருந்தது. 2006-ஆம் ஆண்டு ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டமே முதன்முதலில் அதனை வகுத்தது. கொடையாளர் பெயரால் தனித்து அறியப்படுதல், பொது நிலையத்தின் உடைமையாயிருத்தல், கொடையாளர்க்கு ஆலோசனை உரிமை உண்டாதல் என்னும் மூன்றும் அமைந்தது இந்நிதி என்றது. தனியொருவர் கையில் இந்நிதியிலிருந்து நேரே பணம் வழங்கினாலும், கொடையாளர் தமக்குக் கைம்மாறான பயன் பெற்றாலும் தண்டவரி விதித்தது. எனினும், ஆண்டுதோறும் இவ்வளவு வழங்குக என்று அச்சட்டமும் கூறவில்லை.

வளர்ச்சியின் அளவு

2012-ஆம் ஆண்டு டிசம்பரில், பேஸ்புக் கம்பெனியை நிறுவிய மார்க் ஸக்கர்பர்க் என்பார் ஏறத்தாழ 50 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளை ஸிலிகான் பள்ளத்தாக்கு ஊர்ப்பொது அறநிலையத்திற்கு ஈந்தார். 2016-ஆம் ஆண்டு வெளியான பட்டியல் ஒன்றோ அந்நாட்டு அறப்பணியாளரையெல்லாம் திடுக்குறச் செய்தது. 1887-ஆம் ஆண்டு டென்வர் நகரிற் கால்கொண்டு, ஆலைகளிலும் அலுவலகங்களிலும் தொழிலாளர் சம்பளத்தினின்றும் சிறுகச் சிறுகப் பொருள் தண்டிவந்த 'யுனைட்டட் வே' என்னும் பழம் பெரும் இயக்கமே தனியார் நன்கொடை பெறுவதில் நெடுங்காலம் முதலிடம் வகித்திருந்தது. அவ்வாண்டுப் பட்டியலில் அதனைப் பின்னிறுத்திப் பிடெலிடி அறநிதி முதலிடம் பெற்றது. பின்னது பெற்றது ஏறத்தாழ 460 கோடி டாலர். முன்னது பெற்றது ஏறத்தாழ 370 கோடி டாலர். முன்னது பெற்ற பொருள் ஊர்தோறும் உணவாகவும் மருந்தாகவும் செலவிடப்படுவது. பின்னது பெற்றதோ, இனிமேல் எவர்க்கோ வழங்கப்படவேண்டியது. இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் நிறுத்தி ஒப்பிட நேர்ந்ததே காலத்தின் மாறுதலைக் காட்டும்.

2017-ஆம் ஆண்டு வரிச் சட்டம் எல்லார்க்கும் பொதுவான வரிக்கழிவை ஏறத்தாழ இரட்டித்தது. அதனால், சிறுகொடை செய்வார்க்குக் கொடையினால் வரும் வரிநயம் அற்றுப்போயிற்று. ஆகவே நடுத்தரச் செல்வரும் ஐந்தாண்டுக் கொடையை ஓராண்டிலேயே ஒருங்கு சேர்த்து இந்நிதியில் இட்டு வரிநயம் பெற்று, பின் ஆண்டுதோறும் பகுத்து வழங்கும் வழக்கத்தை மேற்கொண்டனர். 2023-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்நிதிகளிற் கிடந்த மொத்தப் பொருள் ஏறத்தாழ 25,100 கோடி டாலர். அவ்வாண்டில் அறநிலையங்களுக்கு வழங்கப்பட்டது ஏறத்தாழ 5,400 கோடி டாலர். கணக்குகள் 17 இலட்சத்திற்கு மேற்பட்டன.

இரு திறத்தார் வழக்கு

இதனைப் பழிப்பார் கூறுவன சில. வரிநயம் இன்று கிட்டுகின்றது. ஏழைக்குப் பயன் என்று கிட்டுமென்று எவரும் சொல்லார். அரசு இழந்த வரிப்பணம் குடிமக்கள் எல்லார்க்கும் உரியது. அதற்கு ஈடாக வரவேண்டிய அறமோ காலவரையறை இன்றிக் காத்திருக்கின்றது. தனி அறநிலையத்தார் தாம் வழங்கவேண்டிய நூற்றுக்கு 5 பங்கை இந்நிதியில் இட்டு, வழங்கிவிட்டதாகக் கணக்கெழுதலும் கூடும். பணம் கிடக்குங்காறும் முதலீட்டுக் கம்பெனிக்குக் கூலி கிடைத்தலின், அதனை விரைந்து வெளியேற்ற யார்க்கு விருப்பம் உண்டாகும் என்றும் வினவுவர்.

போற்றுவார் கூற்றும் தள்ளற்பாலதன்று. இந்நிதிகள் மொத்தத்தில் ஆண்டுதோறும் நூற்றுக்கு 20-க்கு மேல் வழங்கி வருகின்றன. இது தனி அறநிலையங்களுக்கு விதித்த அளவினும் பன்மடங்கு மிகுதி. கொள்ளைநோய் பரவிய 2020-ஆம் ஆண்டில் இவை வழங்கிய பொருள் முந்தின ஆண்டைவிட நான்கிலொரு பங்கிற்கு மேல் உயர்ந்தது. நல்ல காலத்தில் சேர்த்த நெல்லே பஞ்ச காலத்தில் உதவும் என்பது இவர் வாதம். இதற்கு எதிர்வழக்காடுவார், மொத்தக் கணக்கு ஒவ்வொருவர் கணக்கையும் காட்டாது என்பர். ஒருவர் அனைத்தையும் வழங்க, மற்றொருவர் ஒன்றும் வழங்காதிருப்பினும் சராசரி அழகாகவே தோன்றுமன்றோ?

2021-ஆம் ஆண்டு ஸெனட்டர்கள் சார்லஸ் கிராஸ்லி, ஆங்கஸ் கிங் என்னும் இருவரும், காலவரையறைக்குள் வழங்கினாலன்றி முழு வரிநயம் இல்லை என்னும் மசோதா ஒன்றைக் கொணர்ந்தனர், அது சட்டமாகவில்லை. 2025-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக் கழிவு பெறுவார்க்கும் சிறு கொடைக்கு வரிநயம் அளித்தபோது, இந்நிதிகளில் இடும் பொருளுக்கு அது செல்லாதென்று விலக்கியது.

பொருள் தண்டுவோர் நிலை வேறு. முன்னெல்லாம் அவர் செல்வர் இல்லஞ் சென்று, தம் பணியை எடுத்துரைத்து, முகம் பார்த்துப் பொருள் பெற்றனர், நன்றி கூறினர், மறு ஆண்டும் சென்றனர். இப்பொழுதோ நிதியாரின் பெயர் பொறித்த காசோலை வருகின்றது. கொடையாளர் தம் பெயரை வெளியிட விரும்பாராயின், கொடுத்தவர் யாரென்பதே பெற்றவர்க்குத் தெரியாது. யார்க்கு நன்றி எழுதுவது? கட்டிய மண்டபத்தை யார்க்குக் காட்டுவது? கொடுப்பார்க்கும் பெறுவார்க்கும் இடையே இருந்த முகவுறவு தளர்கின்றது. ஆகவே அந்நாட்டு அறநிலையத்தார், தம் விண்ணப்பங்களில் 'உம் ஆலோசனை நிதியிலிருந்தும் அனுப்பலாம்' என்று எழுதியும், நிதியாரோடு பழகியும் புதுவழி பயின்று வருகின்றனர்.

முடிவுரை

இதனை எழுதுங்கால் எம் வாழ்வில் நிகழ்ந்ததொன்று நினைவிற்கு வருகின்றது. யாம் ஆசிரியப் பணி ஏற்ற முதலாண்டுகளில், எமக்கு அறிமுகமான பெரியவர் ஒருவர், ஏழை மாணவர் மேற்படிப்பிற்கென ஒரு தொகையைப் பாங்கியில் இட்டுவைத்தார். அவ்விழாவில் அவரைப் புகழ்ந்து பேசியவர்களுள் யாமும் ஒருவர். தக்க மாணவன் வரட்டும் என்று அவர் காத்திருந்தார். எம்மிடம் பயின்ற நன்மாணவன் ஒருவனை அழைத்துச் சென்றோம். மதிப்பெண் இன்னும் சற்று வேண்டும் என்றார். மறு ஆண்டு வேறொருவனை அழைத்துச் சென்றோம். வட்டி இன்னும் சற்றுச் சேரட்டும் என்றார். முதல் மாணவன் அரிசி ஆலையில் கணக்கெழுதச் சென்றுவிட்டான். இன்று அவனுக்கே பள்ளி செல்லும் மக்கள் உளர். அத்தொகை வளர்ந்தது, அவன் படிப்பு வளரவில்லை. அப்பெரியவர் தீயவரல்லர். கொடுத்துவிட்டோம் என்னும் நிறைவே அவரைக் கொடுக்கவொட்டாது தடுத்தது. யாமும், விழாவிற் புகழ்ந்ததோடு எம் கடன் தீர்ந்ததென்று இருந்தோம், வற்புறுத்திக் கேட்டோமில்லை. அக்குறை எம்மையும் சாரும்.

கோப் என்பார் இறந்தார் கையினின்றும் அறப்பொருளை விடுவிக்க முயன்றார், வெற்றியும் பெற்றார். ஆனால் அவர் விதைத்ததன் வழியில் வந்த நிதியில், இருப்பார் கை விடாது பற்றும் புதுக் குறை தோன்றியது. இறந்தார் பிடியைச் சட்டத்தால் தளர்த்தலாம். இருப்பார் பிடியை அவர் மனமே தளர்த்தல் வேண்டும்.

ஆதலின், அறத்திற்கெனப் பொருளை ஒதுக்கிவைக்கும் நம் அன்பர்கள், எந்த ஆண்டிற்குள் எதற்கு வழங்குவது என்பதையும் அன்றே எழுதிவைப்பாராக. நிதியைக் காக்கும் பொறுப்பாளர், இருப்பு இவ்வளவு என்று மட்டும் படிக்காது, இவ்வாண்டு எத்தனை பேர்க்குச் சென்றது என்பதையும் சபையிற் படிப்பாராக. தண்டுவோர், பொருள் வந்ததோடு நில்லாது, அதனால் விளைந்த பயனைக் கொடுத்தார்க்குக் காட்டுவாராக. ஒதுக்கிய பொருள் விதைநெல் போல்வது. குதிரில் இருக்குங்காறும் அது காக்கப்பட்டதேயன்றி விதைக்கப்பட்டதன்று. பருவமறிந்து நிலத்தில் இட்டாலன்றி அதனாற் பசி தீராது என்பதை நாம் மறவாதிருப்போமாக.